மூன்றடி அஸ்திவாரம்

ஒரு புதன்கிழமை காலையில் குளியலறைக் கதவு நிலையில் சேராமல் நின்றது. முந்தின நாள் வரை ஒழுங்காகத் தாழ் விழுந்த கதவு. தச்சரைக் கூப்பிட்டேன். மேல் விளிம்பை இழைப்புளியால் சீவி, தாழ் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே இடத்தில் முட்டியது. இந்த முறை அவர் இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மூலைமட்டத்தை நிலையில் வைத்துப் பார்த்தார்.

"கதவு மேல தப்பு இல்ல. நிலைதான் சாஞ்சிருக்கு. அது எதுல நிக்குதோ அதப் போய்ப் பாருங்க" என்று இந்தியில் சொன்னார்.

நிலை எதில் நிற்கிறது? சுவரில். சுவர் எதில் நிற்கிறது? அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. முப்பது வயது வரை ஏதாவது ஒரு வீட்டுக்குள்தான் வாழ்ந்திருக்கிறேன். ஒரு வீடு எப்படி நிற்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான் திருச்சிக்காரி. கல்யாணமாகி தில்லிக்கு வந்து அப்போது எட்டு மாதம். முனிர்காவில், இரண்டு ஆட்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய ஒரு சந்தில், தரைத்தளமும் மேலே நான்கு மாடிகளும் உள்ள கட்டடம். மூன்றாவது மாடியில் நாங்கள். பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை, அதை வீட்டிலிருந்தே செய்தேன். என் கணவருக்குக் குர்கானில் கணினி வேலை. அவர் தில்லியில் பிறந்தவர், மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். ஆனாலும் கோபம் வந்தால் அவருக்கு இந்திதான் வரும்.

தச்சர் போன பிறகு வீடு முழுவதும் சுற்றி வந்தேன். படுக்கையறையின் கிழக்குச் சுவரில், பீரோவுக்குப் பின்னால், ஒரு விரிசல் இருந்தது. படிக்கட்டு மாதிரி செங்கல் செங்கலாக மேலேறிப் போயிருந்தது. அதன் நுனியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் விரிசல் கோட்டைத் தாண்டி அரை விரல் நீளம் வளர்ந்திருந்தது.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அரே, தில்லில எந்த வீட்லதான் க்ராக் இல்ல? எங்கப்பா குவார்ட்டர்ஸ்லயே இருந்துச்சு. கவர்மென்ட்டே கட்டினது அது."

"பக்கத்துல பள்ளம் தோண்டுறாங்களே, அதனால இருக்குமோ?"

"தோண்டட்டும். முப்பது வருஷமா நிக்கிற வீடு, நம்ம வந்த நேரம் பாத்தா விழப்போகுது?"

பக்கத்து மனையில் இருந்த பழைய வீட்டை அந்த மாதத் தொடக்கத்தில்தான் இடித்திருந்தார்கள். சந்துக்குள் இயந்திரம் எதுவும் நுழையாது. அதனால் ஆட்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தோண்டினார்கள். மண்ணைக் கழுதைகள் சுமந்தன. காலை ஏழு மணிக்குக் கழுத்துமணிச் சத்தம் கேட்கும். மெய்ப்புத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பால்கனியிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு நாளும் பள்ளம் ஆழமானது. மண்ணின் நிறம் மாறியது. மேலே சாம்பல், நடுவில் உடைந்த ஓடும் பீங்கானும், அதற்குக் கீழே செம்மஞ்சள்.

ஒரு மத்தியானம், ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம், கீழே இறங்கிப் போனேன். வேலையை நடத்திய மேஸ்திரி புந்தேல்கண்ட் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். அண்ணன் முறை வைத்து, என் அரைகுறை இந்தியில் கேட்டேன்.

"பய்யா, எவ்வளவு ஆழம் போவீங்க?"

"பன்னெண்டு அடி. கீழ லைப்ரரி வருது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க உக்காந்து படிக்க."

"எங்க வீட்டு அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் இருக்கும்?"

அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். "இறங்கி வாங்க தீதி, காட்டுறேன்."

மூங்கில் ஏணியில் இறங்கினேன். குளிர்ச்சியாக இருந்தது. பழைய கிணற்றுக்குள் வரும் வாசனை. அவர் என்னை மேற்குப் பக்கமாக அழைத்துப்போய் நிறுத்தினார். தலைக்கு மேலே எங்கள் வீட்டின் சுவர். அது தரை மட்டத்துக்குக் கீழே மூன்றடி இறங்கியிருந்தது. கருங்கல் துண்டுகளும் செங்கலும், இடையில் சுண்ணாம்போ மண்ணோ தெரியாத ஒரு பூச்சு. தூண் எதுவும் இல்லை. மூன்றடிக்குக் கீழே வெறும் மண். ஆறடி உயரத்துக்கு வெட்டப்பட்ட கேக் மாதிரி செங்குத்தாக நின்றது. அதில் ஓரிடத்தில் எலி வளை ஒன்றின் வாய் தெரிந்தது.

மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். விரலோடு உதிர்ந்து வந்தது.

"இதுக்கு முட்டுக் கொடுக்க வேண்டாமா?"

"கொடுக்கணும்தான். கொடுன்னு முதலாளி சொன்னாக் கொடுப்பேன்" என்றார். சொல்லிவிட்டு, எனக்காக ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பயம் எனக்கு அப்போது வரவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. பார்க்கக் கிடைக்காத ஒன்றைப் பார்த்துவிட்ட கிளர்ச்சிதான் இருந்தது. நாங்கள் சமைத்ததும் தூங்கியதும் சண்டை போட்டதும் இதன் மேலா என்ற வியப்பு.

சாயங்காலம் முதல் மாடிக்குப் போனேன். அங்கே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார், அறுபத்தைந்து வயது. நான் அவரை ஆன்ட்டிஜி என்பேன். பக்கத்து மனையில் தோண்டுவது அவருடைய கொழுந்தன் மகன். தேநீர் கொடுத்தார். நான் பார்த்ததைச் சொன்னேன்.

"என் வீட்டுக்காரர் கட்டின வீடு இது. பெரியவன் பிறந்தப்ப முதல் மாடி. பொண்ணு கல்யாணத்தப்ப ரெண்டாவது. எருமைகளை வித்துட்டு மூணாவது. நாலாவது, அவர் போறதுக்கு முந்தின வருஷம்."

"நக்ஷா இருக்கா ஆன்ட்டிஜி?" வீட்டு வரைபடத்துக்கு அங்கே நக்ஷா என்றுதான் பெயர்.

"நக்ஷா எதுக்கு பேட்டா? எல்லாம் அவர் தலையில இருந்துச்சு."

பிறகு தேடிப் படித்தபோதுதான் விவரம் புரிந்தது. ஒரு காலத்தில் இது வயல்கள் சூழ்ந்த கிராமம். குடியிருப்பைச் சுற்றி வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குள் வீடு கட்ட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பின்னால் நகரம் வளர்ந்து வந்து கிராமத்தை விழுங்கியது. சலுகை போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. தரைத்தளம் ஒரு குடும்பத்துக்கும் சில எருமைகளுக்குமாகக் கட்டப்பட்டது. அதன் தலையில் நாங்கள் இருபத்திரண்டு பேர் இருந்தோம்.

என் தம்பி கோயம்புத்தூரில் கட்டட மேற்பார்வையாளன். அவனுக்கு விரிசலின் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு மெல்லிசு கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்க வச்சு, ரெண்டு முனையையும் பி.ஓ.பி. மாவு குழைச்சு ஒட்டிரு. கண்ணாடி உடையாம இருந்தா விரிசல் பழசு. உடைஞ்சா வீடு இன்னும் நகருதுன்னு அர்த்தம்."

படச் சட்டம் போடும் கடையில் ஒரு விரல் அகலத்துக்கு மூன்று துண்டு வெட்டி வாங்கினேன். "இவ்வளவு சின்னதா யாரோட படம்?" என்று கடைக்காரர் கேட்டார். வீட்டோடது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

முதல் துண்டு ஆறாம் நாள் உடைந்தது. இரண்டாவது மூன்றாம் நாள்.

அதற்குப் பிறகுதான் மாநகராட்சியின் கைபேசிச் செயலியில் புகார் எழுதினேன். பள்ளத்தின் படம், சுவரின் படம், கண்ணாடியின் படம் எல்லாம் சேர்த்தேன். ஒன்பது நாள் கழித்து, 'தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. ஆதாரமாக ஒரு படமும் இருந்தது. பச்சை இரும்புக் கதவு ஒன்றின் முன்னால் தொப்பி போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் சந்தில் பச்சைக் கதவே கிடையாது. அது யார் வீட்டுக் கதவு, அந்த வீட்டில் என்ன புகார், அது உண்மையிலேயே தீர்ந்ததா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

புகார் விஷயம் எப்படியோ கீழே போய்ச் சேர்ந்துவிட்டது. தரைத்தளத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மெஸ் நடத்திய அக்கா தேனிப் பக்கம். ராணுவத்தில் சமையல்காரராக இருந்த கணவரோடு தில்லி வந்தவர். அவர் இறந்த பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. ரசம் வாங்கப் போனவளை நிறுத்திக் கேட்டார்.

"நீதான் எழுதிப் போட்டியா தாயி?"

"ஆமாக்கா."

"எழுதுனா என்னாகும்னு ரோசிச்சியா? பக்கத்துப் பள்ளத்த மட்டுமா பாப்பாக? நம்ம கட்டடத்துக்கும் ஒரு காயிதம் கெடையாது. மொத்தமா சீல் வச்சுட்டுப் போயிருவாக. நாப்பது புள்ளைக சோத்துக்கு எங்கிட்டுப் போகும்? நான் எங்கிட்டுப் போவேன்?"

"விழுந்துட்டா என்னக்கா பண்றது?"

"விழுகுறப்பப் பாத்துக்கலாம். சீல் வச்சா மறுநாளே தெருவுல நிக்கணும்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ரசத்தை வாங்கிக்கொண்டு மாடியேறினேன். அதற்கப்புறம் பத்து நாள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நாங்கள் வேறு வீடு தேடாமல் இல்லை. அதே பகுதியில் நான்கு வீடு பார்த்தோம். ஒவ்வொன்றிலும், தூண் இருக்கிறதா, எந்த இடத்தில் என்று கேட்டேன். தரகர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, மேடம் இஞ்சினியரா என்று விசாரித்தார். எல்லாம் எங்கள் கட்டடம் மாதிரியே இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எதற்கு மாற வேண்டும் என்று என் கணவர் கேட்டார். அப்படியே நாட்கள் போயின. வீட்டின் அடியைக் கண்ணால் பார்த்த பிறகும் மூன்று வாரத்துக்கு மேல் அங்கேயே படுத்துத் தூங்கினேன். எப்படித் தூங்கினேன் என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே தூங்கினேன் என்பதுதான் உண்மை.

மார்ச் கடைசியில் பருவம் தப்பி இரண்டு நாள் மழை பெய்தது. சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பால்கனியிலிருந்து பார்த்தேன். பள்ளத்தில் முழங்கால் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர். மேஸ்திரி ஒரு பம்பை வைத்து இறைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து மண்ணிலிருந்து கட்டி கட்டியாகப் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. உள்ளே வந்து சுவரைப் பார்த்தேன். முந்தின நாள் மாலை ஒட்டிய மூன்றாவது கண்ணாடி இரண்டாகியிருந்தது. நடுவில் நகம் நுழையும் இடைவெளி.

தம்பிக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். அவன் குரல் மாறிவிட்டது.

"அக்கா, எதையும் எடுக்காத. செருப்பப் போட்டுக்கிட்டு எறங்கு. மத்தவங்களையும் எறக்கு. மாமாகிட்ட போனக் குடு."

அவன் என்ன சொன்னானோ, என் கணவர் போனை வைத்துவிட்டு நேராக வாசலுக்குப் போனார். வாசல் கதவு திறக்கவில்லை. தோளால் இரண்டு முறை இடித்துத் திறந்தார். "நான் மேல போறேன். நீ கீழ போ. ஜல்தி" என்றார். அதுவரை ஒரு மாதமாக நான் சொன்னதையெல்லாம் சிரித்துத் தள்ளியவர், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இரண்டாவது மாடியில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள் ஏழு பேர். சனிக்கிழமை என்று தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவை உதைத்து எழுப்பினேன். முதல் மாடியில் ஆன்ட்டிஜி வரமாட்டேன் என்றார். "இது என் வீடு. நீங்க போங்க" என்று சொல்லிவிட்டுச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். இழுக்கவா விடவா என்று தெரியாமல் கீழே ஓடினேன்.

மெஸ் அக்கா மூன்று அடுப்பிலும் மத்தியானச் சமையலை ஏற்றியிருந்தார்.

"அக்கா, வெளிய வாங்க. வீடு நகருது."

"சோறு கொதிக்குது தாயி. வடிச்சிட்டு வாறேன்."

அவர் சொல்லி முடிக்கும்போது, அடுப்புக்குப் பின்னால் சுவரில் பதித்திருந்த ஓடு ஒன்று டக்கென்று தெறித்து விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. அக்கா அதைப் பார்த்தார். மூன்று அடுப்பையும் அணைத்தார். சிலிண்டரின் வாயை மூடினார்.

"மாடியில அந்தம்மா எறங்கிட்டாகளா?"

"வரமாட்டேங்கிறாங்க."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினார். நானும் பின்னால் போனேன். "மாஜி, சலோ" என்றார். ஆன்ட்டிஜி தலையாட்டி மறுத்தார். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "மாஜி, எனக்கும் இதான் வீடு. நானும் வர மாட்டேன்னுதான் சொன்னேன். வாங்க" என்று பாதி இந்தியிலும் பாதி தேனித் தமிழிலும் சொல்லி, கையைப் பிடித்துத் தூக்கினார். என்ன புரிந்ததோ, ஆன்ட்டிஜி எழுந்துகொண்டார். காலில் ஒரு செருப்பு அவருடையது, இன்னொன்று வேறு யாருடையதோ.

சந்தின் முனையில் நின்று தலைகளை எண்ணினோம். எங்கள் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். கூலியாட்களும் பள்ளத்தை விட்டு மேலே வந்திருந்தார்கள். பம்பு வாடகைக்கு எடுத்தது, முழுகிவிடும் என்று மேஸ்திரி மட்டும் திரும்ப இறங்கினார். கூப்பிட்டோம். கையைக் காட்டி, இதோ வருகிறேன் என்றார்.

நான் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. பருப்பு மூட்டை சரிவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கிழக்கு மூலை கீழிருந்து மேல்வரை மெதுவாகப் பள்ளத்துக்குள் இறங்கியது. புழுதி அடங்கியபோது நான்கு மாடிகளின் அறைகளும் அலமாரி மாதிரி திறந்து கிடந்தன. எங்கள் படுக்கையறையில் கட்டில் இல்லை.

மேஸ்திரி இடுப்பு வரை புதைந்திருந்தார். கூலியாட்களும் அந்தப் பெண்களும் என் கணவரும் இறங்கி இரும்புச் சட்டிகளாலும் கையாலும் மண்ணை அள்ளினார்கள். ஒரு மணி நேரம் ஆனது. தீயணைப்பு ஆட்கள் வந்து தூக்கினார்கள். உயிர் இருந்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

அன்று மாலையே சந்தை அடைத்துச் சீல் வைத்தார்கள். ஆன்ட்டிஜியின் கொழுந்தன் மகன் மேல் வழக்குப் பதிவானது. சில நாளில் ஜாமீனில் வந்துவிட்டார். மிச்சமிருந்த கட்டடத்தை மூன்று வாரம் கையாலேயே இடித்து இறக்கினார்கள். எங்கள் சான்றிதழ்களும் ஒரு பீரோவும் கிடைத்தன. மெய்ப்புத் தாள்களை மறுபடி அச்சிட்டு வாங்கி முதலிலிருந்து பார்த்தேன்.

மருத்துவமனையில் மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். கால் கட்டோடு படுத்திருந்தார். கேட்கக் கூடாதோ என்று தயங்கியபடி, மண் நிற்காது என்று உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும் தீதி. உங்க வீட்டவிட மோசமான அடியெல்லாம் பாத்திருக்கேன். அதெல்லாம் இன்னும் நிக்குது. அதனால இதுவும் நிக்கும்னு நெனச்சேன்."

ஆன்ட்டிஜி தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே பார்க்கப் போன அன்று, நெடுநேரம் வேறு பேச்செல்லாம் பேசினார். கிளம்பும்போது, "அன்னைக்குக் கீழ இறங்கிப் பாத்தேன்னு சொன்னியே. உள்ள கல்லு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு ஆன்ட்டிஜி. கருங்கல்."

"அவரு மாட்டு வண்டில கொண்டுவந்தது. எவ்வளவு ஆழத்துக்கு இருந்துச்சு?"

மூன்றடி என்று சொன்னேன். அவர் தன் கையைத் தரையிலிருந்து உயர்த்தி, இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மாடிக்கு அது போதும்" என்றார்.

நாங்கள் இப்போது நகரத்தின் வேறொரு பக்கத்தில், இரண்டே தளம் உள்ள பழைய வீட்டில் இருக்கிறோம். வாடகைப் பேச்சின்போது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கணவர் வரைபடத்தைக் கேட்டார். வீட்டுக்காரர் தேடி எடுத்துவர ஒரு வாரம் ஆனது. இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

மெஸ் அக்கா முனிர்காவிலேயே இரண்டு சந்து தள்ளி, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையைப் பிடித்துவிட்டார். மாதம் ஒரு முறையாவது அங்கே சாப்பிடப் போகிறோம். போன முறை போனபோது மத்தியானக் கூட்டம். உட்கார இடமில்லாமல் பிள்ளைகள் வெளியே வரிசையில் நின்றார்கள்.

"எடம் பத்தலையேக்கா" என்றேன்.

"ஓனரு மேல ரெண்டு ரூம்பு போட்டுத் தாரேங்காரு. அடியில என்ன இருக்குன்னு கேட்டேன். எதுக்கும்மாங்குறாரு. மொதல்ல தோண்டிக் காட்டும், அப்பறம் பேசுவோம்னுட்டேன்" என்று சொல்லி, என் இலையில் இன்னொரு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டு, அடுத்த பந்திக்கு இலை போடப் போனார்.